கோலாங் கேஷ் சர்வீஸில் ஜிசி ஓடும்போதெல்லாம் பி99 எகிறுகிறது: ரஸ்ட்டில் மாற்றி எழுதினால் தீருமா?

ஹீப்_வாசி:

வணக்கம். கோலாங் 1.22-இல் ஓடும் ஒரு கேஷ் சர்வீஸ் (அடிக்கடி கேட்கும் தரவை மெமரியிலேயே வைத்துத் தருவது). கூபர்னெட்டிஸ் பாட் (கன்டெய்னரை ஓட்டும் அலகு) ஒன்றுக்கு 4 சிபியு, 4 ஜிபி மெமரி லிமிட். கீழே இருக்கும் நோடில் 32 கோர்.

மெமரியில் ஒரே பெரிய மேப். சாவி ஸ்ட்ரிங், மதிப்பு ஒரு ஸ்ட்ரக்டுக்கான பாயின்டர். ஸ்ட்ரக்டுக்குள் இரண்டு ஸ்ட்ரிங், ஒரு டைம்.டைம், ஒரு இன்ட். மொத்தம் சுமார் 80 லட்சம் சாவிகள். நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி அலொகேஷன். ஜிசி (பயனில்லாத மெமரியைத் தானே திரும்ப எடுக்கும் கார்பேஜ் கலெக்ஷன்) எப்போது ஓடும் என்பதை முடிவு செய்யும் ஜிஓஜிசி டிஃபால்ட் 100 (போன ஜிசியில் மிஞ்சியது 100 சதவீதம் வளர்ந்ததும் அடுத்தது), கோமெம்லிமிட் (ரன்டைமின் மொத்த மெமரிக்கான எல்லை) வைக்கவில்லை.

சாதாரண நேரத்தில் பி99 (100-இல் 99 ரிக்வெஸ்ட் இதற்குள் முடியும் என்ற நேரம்) 3 மில்லிசெகண்ட். 15 நொடிக்கு ஒருமுறை ஜிசி வரும்போது 90 வரை போகிறது. ஜிசிட்ரேஸ் (ஒவ்வொரு ஜிசிக்கும் ரன்டைம் எழுதும் பதிவு) வரி ஒன்று:

கடிகார நேரம் 0.06+310+0.11 மிசெ, சிபியு நேரம் 1.9+140/2470/1900+3.5 மிசெ, 2980->3110->1490 எம்பி, 32 பி

டீமில் பாதிப் பேர் "ஜிசி உள்ள மொழியில் இதற்கு விடிவே இல்லை, ரஸ்ட்டுக்குப் போவோம்" என்கிறார்கள். கம்பைல் நேரத்திலேயே மெமரி கணக்கு முடிந்துவிட்டால் ஓடும்போது செலவே இருக்காது என்பது அவர்கள் வாதம். எழுதும் நேரம், கம்பைல் ஆகும் நேரம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது கட்டுப்படியாகுமா? அல்லது இங்கேயே ஏதாவது வழி இருக்கிறதா?

---

ஷெட்யூலர்_சித்தன்:

ரஸ்ட் பேச்சைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். நீங்கள் போட்ட வரியின் கடைசியில் இருக்கும் "32 பி"தான் முதல் சந்தேகம் (பி என்பது ரன்டைம் ஒரே நேரத்தில் நிரலை ஓட்டும் இடம், கோர் ஒன்றுக்கு ஒன்று என்று கணக்கு).

அந்த வரியை இப்படிப் படிக்க வேண்டும். கடிகார நேரத்தில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் மட்டும்தான் எல்லாவற்றையும் நிறுத்தும் இடைவேளை. இரண்டும் சேர்ந்து 0.17 மில்லிசெகண்ட். நடுவில் இருக்கும் 310, உங்கள் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நடக்கும் மார்க் வேலை (எந்த மெமரி இன்னும் பயனில் இருக்கிறது என்று பாயின்டர் வழியே தேடிக் குறிப்பது). ஆக, 90 மில்லிசெகண்டுக்கு ஜிசியின் இடைவேளை காரணமே இல்லை. கோலாங் 1.8-இல் (2017) ஸ்டேக்கை மறுபடி ஸ்கேன் செய்யும் இடைவேளையை எடுத்த பிறகு, பெரும்பாலும் இது 0.1 மில்லிசெகண்டுக்குக் கீழேதான் நிற்கும்.

அப்படியானால் 90 எங்கிருந்து வருகிறது? 1.22 ரன்டைமுக்கு சிஜிரூப் (கன்டெய்னருக்கு எல்லை வைக்கும் லினக்ஸ் வசதி) சிபியு லிமிட் தெரியாது. நோடில் 32 கோர் இருக்கிறது என்று பார்த்து கோமேக்ஸ்ப்ராக்ஸை (பிக்களின் எண்ணிக்கை) 32 ஆக வைத்துக்கொள்கிறது. ஜிசி அதில் 25 சதவீதத்தை, அதாவது 8 பியை, மார்க் வேலைக்கென்றே ஒதுக்குகிறது. மீதியில் சும்மா இருக்கும் பிக்களிலும் ஐடில் வொர்க்கர்கள் ஏறிக்கொள்கின்றன (உங்கள் வரியில் அந்த 1900).

லினக்ஸ் கெர்னலோ 100 மில்லிசெகண்ட் காலத்துக்கு 400 மில்லிசெகண்ட் சிபியு என்றுதான் உங்கள் கன்டெய்னருக்கு அளந்து கொடுக்கிறது. 32 த்ரெட்டும் முழு வேகத்தில் ஓடினால் 12.5 மில்லிசெகண்டில் கோட்டா காலி. மீதி 87.5 மில்லிசெகண்டுக்கு எல்லா த்ரெட்டும் உறைந்து நிற்கும், ரிக்வெஸ்டுக்குப் பதில் சொல்லும் த்ரெட் உட்பட. உங்கள் 90-க்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

உங்கள் வரியிலேயே இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 310 மில்லிசெகண்டில் 4 சிபியு அதிகபட்சம் 1240 மில்லிசெகண்ட் வேலைதான் செய்ய முடியும். ட்ரேஸ் காட்டுவது 140+2470+1900 = 4510. ரன்டைம் இந்தக் கணக்கைக் கடிகாரத்தை வைத்துத்தான் போடுகிறது. வொர்க்கர் உறைந்து நின்ற நேரமும் "சிபியு நேரம்" என்று அதில் சேர்ந்துவிடுகிறது.

உறுதி செய்ய: பாடுக்குள் சிஜிரூப் அடைவில் சிபியு.ஸ்டாட் கோப்பைப் பாருங்கள். என்ஆர்_த்ராட்டில்ட், த்ராட்டில்ட்_யுசெக் இரண்டும் ஒவ்வொரு ஜிசிக்கும் ஏறினால் வழக்கு முடிந்தது.

சரி செய்ய: கோமேக்ஸ்ப்ராக்ஸ்=4 என்று என்விரான்மென்ட் வேரியபிள் வையுங்கள். அல்லது 1.25-க்கு ஏறுங்கள், அது சிபியு லிமிட்டைத் தானே படிக்கும். ஒரு எச்சரிக்கை: கம்பைலரை மட்டும் ஏற்றினால் போதாது. கோ.மாட் கோப்பில் இருக்கும் பதிப்பு வரியும் 1.25 ஆக வேண்டும், இல்லையென்றால் பழைய நடத்தையே தொடரும்.

கூடவே கோமெம்லிமிட்டை 3600 எம்ஐபி என்று வையுங்கள். இப்போது ஹீப் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) 3.1 ஜிபி வரை போகிறது. லைவ் ஹீப் (அதில் ஜிசிக்குப் பிறகும் பயனில் மிஞ்சுவது) 2 ஜிபியைத் தொட்டால் ஜிஓஜிசி 100 அடுத்த இலக்கை 4 ஜிபிக்கு மேல் வைக்கும், கெர்னல் பாடைக் கொன்றுவிடும். ஆனால் இந்த லிமிட்டை லைவ் ஹீப்புக்கு மிக அருகில் வைக்கவும் கூடாது. ஜிசி முடிந்த கையோடு அடுத்த ஜிசி தொடங்கும். ரன்டைம் அதைச் சுமார் 50 சதவீத சிபியுவுக்குள் அடக்கப் பார்க்கும். பாதி சிபியு போனால் சர்வீஸ் செத்ததற்குச் சமம்தான்.

---

ஹீப்_வாசி:

சிபியு.ஸ்டாட் நீங்கள் சொன்னபடியே ஏறுகிறது. கோமேக்ஸ்ப்ராக்ஸ்=4 வைத்ததும் ஜிசி சமயத்தில் பி99 11 மில்லிசெகண்டுக்கு இறங்கிவிட்டது, நன்றி. இப்போது அசிஸ்ட் எண் (அந்த ட்ரேஸ் வரியில் முன்பு 140) மட்டும் 600-க்கு மேல் காட்டுகிறது. இதைக் குறைக்க வழி உண்டா?

---

பைட்_பத்தர்:

அசிஸ்ட் என்பது ஒரு வரி, டாக்ஸ் மாதிரி. மார்க் நடக்கும்போது ஒரு கோருட்டீன் (கோலாங்கின் இலகுவான த்ரெட்) புதிதாக மெமரி கேட்டால், கேட்ட அளவுக்கு ஏற்ப அதுவும் கொஞ்சம் மார்க் வேலை செய்துவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது மார்க்குக்கென ஒரே ஒரு பி. வேலை மெதுவாக நடக்கிறது, அதனால் வரி ஏறுகிறது. குறைக்க இரண்டே வழி: குறைவாக அலொகேட் செய்வது, ஜிசி பார்க்க வேண்டிய பாயின்டர்களைக் குறைப்பது. உங்களுக்கு இரண்டாவதில்தான் லாபம் கொட்டிக் கிடக்கிறது.

ஒரு என்ட்ரிக்கு எத்தனை பாயின்டர் என்று எண்ணுங்கள். சாவி ஸ்ட்ரிங்கில் 1. மேப் மதிப்பு 1. ஸ்ட்ரக்டுக்குள் இரண்டு ஸ்ட்ரிங்கில் 2. பலர் கவனிக்காதது டைம்.டைம்: அது 24 பைட், உள்ளே டைம்ஸோனுக்கான பாயின்டர் ஒன்று ஒளிந்திருக்கிறது. ஆக 5. 80 லட்சம் என்ட்ரிக்கு 4 கோடி பாயின்டர்களை 15 நொடிக்கு ஒருமுறை ஜிசி துரத்துகிறது.

எளிதான வேலையிலிருந்து தொடங்குங்கள்.

டைம்.டைமை எடுத்துவிட்டு யூனிக்ஸ் நானோசெகண்டை இன்ட்64 ஆக வையுங்கள். 24 பைட் 8 ஆகும், ஒரு பாயின்டர் போகும். சாவி ரிக்வெஸ்ட் பஃபரிலிருந்து வெட்டிய சப்ஸ்ட்ரிங் என்றால் ஸ்ட்ரிங்ஸ்.க்ளோன் (1.18 முதல் உண்டு) போட்டு நகலெடுத்து மேப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் 30 பைட் சாவி ஒன்று 64 கேபி பஃபர் முழுவதையும் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும்.

அதிலும் போதவில்லை என்றால் ஸ்லாப், அதாவது தரவைத் தனித்தனிப் பொருள்களாக வைக்காமல் சில பெரிய பைட் துண்டுகளில் அடுக்குவது. சாவியிலும் மதிப்பிலும் பாயின்டரே இல்லாத மேப்பின் உள்ளடக்கத்தை கோலாங் ஜிசி ஸ்கேன் செய்வதில்லை. அதனால் மேப்பை யுஇன்ட்64-இலிருந்து யுஇன்ட்64 என்று ஆக்குங்கள். சாவி இடத்தில் ஹேஷ் (சாவியிலிருந்து கணக்கிட்ட எண்), மதிப்பு இடத்தில் "எந்தத் துண்டு, அதில் எத்தனையாவது பைட்" என்பதை 32+32 பிட்டாகப் பொதிந்தது. உண்மையான தரவு 64 எம்பி பைட் ஸ்லைஸ்களில் வரிசையாக: நீளம், சாவி, மதிப்பு. 1.5 ஜிபிக்கு இப்படி 24 துண்டுகள். ஜிசிக்குத் தெரிவது அந்த 24 மட்டும்.

இதில் கால் இடறும் இடங்கள்:

ஹேஷ் மோதல். 80 லட்சம் சாவிகளுக்கு 64 பிட்டில் ஏதோ ஒரு ஜோடி மோதும் வாய்ப்பு ஏறத்தாழ 6 லட்சத்தில் ஒன்று. சின்னதுதான், ஆனால் மோதினால் ஒருவரின் தரவு இன்னொருவருக்குப் போகும். படிக்கும்போது ஸ்லாப்பில் இருக்கும் சாவியை ஒப்பிட்டே தீர வேண்டும். ஹேஷுக்கு ரேண்டம் விதை இருக்கும் மேப்ஹேஷ் பயன்படுத்துங்கள், வேண்டுமென்றே மோத வைக்க வெளியாளால் முடியாது.

அழிப்பது. நடுவில் ஓட்டை விழும். பழைய துண்டை முழுதாக எடுத்து, அதில் உயிரோடு இருப்பதைப் புதிய துண்டுக்கு நகர்த்தி, துண்டை மறுபடி பயன்படுத்துவதுதான் குழப்பம் குறைந்த வழி.

மூன்றாவதுதான் ஆபத்து. ஸ்லாப்புக்குள் இருக்கும் ஸ்லைஸை அப்படியே வெளியே கொடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். படிப்பவர் அதை ஜேசனாக மாற்றிக்கொண்டிருக்கும்போதே துண்டு மறுசுழற்சி ஆகிவிட்டால், க்ராஷ் வராது, பானிக் வராது, தப்பான தரவு சத்தமில்லாமல் போகும். லாக் கையில் இருக்கும்போதே வெளியே நகலெடுத்துக் கொடுங்கள்.

1.25-இல் கிரீன் டீ என்ற புதிய ஜிசி சோதனை நிலையில் வந்தது. சின்னப் பொருள்களை ஒவ்வொன்றாகத் துரத்தாமல் 8 கேபி பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யும். அதையும் ஓட்டிப் பார்க்கலாம். ஸ்லாப்புக்கு மாறிய பிறகு உங்களுக்கு அதனால் பெரிய வித்தியாசம் தெரியாது, துரத்த எதுவும் மிச்சம் இருக்காது.

---

கடன்_கணக்கப்பிள்ளை:

ரஸ்ட் பக்கத்திலிருந்து கொஞ்சம். "ஓடும்போது செலவே இருக்காது" என்று உங்கள் டீம் சொல்வது பாதி சரி. இதே சர்வீஸை ரஸ்ட்டில் எழுதினால் என்ன நடக்கும் என்று பார்ப்போம்.

முதல் வடிவம் ஹேஷ்மேப், சுற்றி மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக்). கெட் அழைத்தால் கிடைக்கும் ரெஃபரன்ஸ், லாக் கார்டு (லாக்கைப் பிடித்திருப்பதைக் குறிக்கும் பொருள்) இருக்கும் வரைதான் வாழும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவெய்ட் செய்தால் (வேறு வேலை முடியக் காத்திருந்தால்), அந்த ஃப்யூச்சரை (பிறகு முடியப்போகும் வேலையை) அதை ஓட்டும் நூலகமான டோக்கியோவின் ஸ்பானுக்குக் கொடுக்கும்போது "த்ரெட்டுகளுக்கு இடையே அனுப்ப முடியாது" என்று கம்பைலர் நிறுத்தும். நல்லதுதான். கோலாங்கில் இதே தப்பு லோடு ஏறிய பிறகே தெரியும். ஆனால் டேஷ்மேப்புக்கு (லாக்கை உள்ளேயே வைத்திருக்கும் மேப் நூலகம்) மாறினால் கம்பைலர் பாதி வழியில் கைவிடும். ஒரு ரெஃபரன்ஸைப் பிடித்தபடி அதே மேப்பை மறுபடி அழைத்தால் டெட்லாக் (தான் பிடித்த லாக்குக்கே காத்து நிற்பது) ஆகலாம், கம்பைல் சுத்தமாக முடியும்.

வழக்கமான தீர்வு மதிப்பை ஆர்க்கில் வைத்து க்ளோன் செய்து வெளியே கொடுப்பது. அதாவது ரெஃபரன்ஸ் எண்ணிக்கை: எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஒரு கவுன்டரில் எண்ணுவது. எல்லாரும் கேட்கும் ஒரே சூடான சாவி இருந்தால், 4 கோரும் அந்த ஒரு கவுன்டரின் கேஷ் லைனுக்கு அடித்துக்கொள்ளும். ஜிசி போய், அதன் தம்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

லேட்டன்சி எகிறும் இடங்கள் இங்கேயும் உண்டு, பெயர்தான் வேறு.

ஹேஷ்மேப் வளர்வது. ஸ்டாண்டர்ட் மேப் 7/8 நிரம்பியதும் இரட்டிப்பாகி, எல்லா என்ட்ரியையும் ஒரே மூச்சில் நகர்த்தும். 2-இன் 23-ஆம் அடுக்கு அளவு டேபிளில் அந்த எல்லை 73,40,032. 80 லட்சம் வரை போகும் உங்கள் மேப் அதைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்ட வைக்கும் அந்த ஒரு இன்சர்ட், நீங்கள் இன்று பார்க்கும் ஜிசி ஸ்பைக்கை விட மோசமாகவே இருக்கும். வித்_கெபாசிட்டி கொடுத்துத் தொடங்குங்கள், அல்லது 64-ஆகவோ 256-ஆகவோ ஷார்ட் பிரியுங்கள். கோலாங் 1.24-இன் புது மேப் சின்னச் சின்ன டேபிள்களாகப் பிரிந்து வளர்வதால் இந்தப் பிரச்சினை அங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ட்ராப். முழு மேப்பையும் மாற்றினால், பழையதை விடுவிக்கும் த்ரெட் 80 லட்சம் என்ட்ரிகளின் மெமரியையும் தானே உட்கார்ந்து திருப்பிக் கொடுக்கும். அது ரிக்வெஸ்ட் த்ரெட்டாக இருந்தால் அவ்வளவுதான். சேனல் வழியாகத் தனி த்ரெட்டுக்கு அனுப்பி அங்கே ட்ராப் செய்ய வேண்டும்.

துண்டாடல். ரஸ்ட் 1.32 முதல் (2019) சிஸ்டம் அலொகேட்டரே டிஃபால்ட். ஜிலிப்சி மாலக்கில் (லினக்ஸின் வழக்கமான அலொகேட்டர்) நீண்ட நாள் ஓடும் கேஷ், அழித்த மெமரியை ஓஎஸ்ஸிடம் திருப்பித் தராமல் ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் மெமரி) ஏறிக்கொண்டே போவது அடிக்கடி பார்க்கும் காட்சி. ஜெமாலக் அல்லது மிமாலக் மாற்றி அளந்து பாருங்கள்.

அடுத்து எல்ஆர்யு (நீண்ட நேரம் தொடாததை முதலில் வெளியேற்றும் கேஷ் முறை). இரட்டை இணைப்புப் பட்டியலை உரிமை விதிகளுக்குள் எழுதுவது பெரும் தலைவலி. எல்லாரும் கடைசியில் செய்வது, நோடுகளை ஒரு வெக்டரில் போட்டு, பாயின்டருக்குப் பதில் இன்டெக்ஸ் வைப்பது. இங்கேதான் விஷயமே இருக்கிறது. பைட்_பத்தர் சொன்ன கோலாங் ஸ்லாப்பும் இதுவும் ஒரே வடிவம். இரண்டிலும் பழைய இன்டெக்ஸ் ஒன்று மறுசுழற்சி ஆன இடத்தைக் காட்டினால், ஜிசியும் கண்டுபிடிக்காது, பாரோ செக்கரும் (உரிமை விதிகளைச் சரிபார்க்கும் ரஸ்ட் கம்பைலர் பகுதி) கண்டுபிடிக்காது. இரண்டிலும் இன்டெக்ஸோடு ஒரு தலைமுறை எண்ணைச் சேர்த்து ஒப்பிட வேண்டும் (ரஸ்ட்டில் ஸ்லாட்மேப் என்ற க்ரேட், அதாவது நூலகம், இதைச் செய்து தரும்).

வித்தியாசம் அவர் சொன்ன மூன்றாவது இடத்தில் வருகிறது. துண்டின் ஸ்லைஸை ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது அதே துண்டில் எழுத ரஸ்ட் விடாது, கம்பைலே ஆகாது. கோலாங்கில் அது ரிவ்யூ செய்பவரின் கண்ணை நம்பி இருக்கிறது.

கம்பைல் நேரம் பற்றிக் கேட்டீர்கள். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் பாரோ செக் இல்லை. ஜெனரிக்ஸ் ஒவ்வொரு டைப்புக்கும் தனிப் பிரதி எடுப்பது, மெஷின் கோடு உருவாக்கும் எல்எல்விஎம், கடைசியில் லிங்கர், இவைதான். எழுதும்போது கார்கோ பில்டு வேண்டாம், கார்கோ செக் போதும். டெவ் ப்ரொஃபைலில் டீபக் தகவலை வரி எண் அளவுக்கு மட்டும் குறையுங்கள். எந்த க்ரேட் இழுக்கிறது என்பதை டைமிங்ஸ் ஃப்ளாக் படமாகவே காட்டும்.

---

ரேஸ்_ரங்கன்:

மேலே எல்லாரும் மெமரி, லேட்டன்சின்னே பேசுறீங்க. கம்பைல் டைம் செக்கிங்கோட முக்கிய லாபம் அங்க இல்லங்க.

ஃப்ரீ பண்ணின மெமரியைத் தொடுறது, ரெண்டு தடவை ஃப்ரீ பண்றது இதெல்லாம் ஜிசி மொழியிலயே கிடையாது. சி++ல இருந்து வர்றவங்களுக்கு ரஸ்ட் குடுக்குற பெரிய பரிசு அது. ஆண்ட்ராய்டுல மெமரி சேஃப்டி ஓட்டைகளோட பங்கு 2019-ல 76 சதவீதம், 2024-ல 24 சதவீதம்னு கூகுள் சொன்னது அந்தக் கணக்கு. கோலாங்ல இருந்து போறவங்களுக்கு அது ஏற்கனவே கையில இருக்கு, அந்த எண்ணைக் காட்டி வாதம் பண்ணாதீங்க.

கோலாங்ல இல்லாதது டேட்டா ரேஸ் தடுப்பு (ரேஸ்னா, ஒரே மெமரியை ரெண்டு பேர் லாக் இல்லாம ஒரே நேரத்துல தொடுறது, அதுல ஒருத்தராவது எழுதுறது). சாதா மேப்ல ரெண்டு கோருட்டீன் ஒரே நேரத்துல எழுதி மாட்டினா ப்ராசஸே விழும், ரெக்கவர் போட்டும் பிடிக்க முடியாது. அதாவது பரவாயில்ல, கண்ணுக்குத் தெரியும். ஸ்லைஸும் இன்டர்ஃபேஸும் ஒரு வேர்டுக்கு மேல உள்ள மதிப்பு. பாதி பழசு பாதி புதுசுன்னு படிச்சா ஒருத்தரோட பாயின்டரும் இன்னொருத்தரோட நீளமும் சேர்ந்துடும். அப்ப மெமரி சேஃப்டியே போச்சு.

ரேஸ் டிடெக்டர் இருக்கு, ஆனா ஓடின பாதையில நடந்த ரேஸை மட்டும்தான் சொல்லும். மெமரி 5-10 மடங்கு, நேரம் 2-20 மடங்கு ஆகும்னு கோலாங் ஆவணமே சொல்லுது. உங்க 1.5 ஜிபி ஹீப்போட 4 ஜிபி பாடுல அதை ஓட்டவே முடியாது. 5 லட்சம் சாவியோட தனி டெஸ்ட் பாடு ஒண்ணு வெச்சு, கொஞ்சம் டிராஃபிக்கை அதுக்குத் திருப்பி ஓட்டுங்க.

அதே சமயம் கம்பைல் ஆயிடுச்சுன்னு ரஸ்ட்டை முழுசா நம்பவும் வேண்டாம். டெட்லாக், ஆர்சி சுழற்சியால (ரெஃபரன்ஸ் எண்ற பொருள்கள் ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கறதால) வர்ற லீக், ரெஃப்செல்லை ரெண்டு தடவை கடன் வாங்கினா வர்ற பானிக், ரிலீஸ் பில்டுல இன்டிஜர் சுத்திக்கறது, எதையும் அது தடுக்காது. லீக் ஆகறது ரஸ்ட் கணக்குல "சேஃப்".

---

கொலம்பஸ்_ஜேவிஎம்:

மூன்றாவது வழியையும் எண்ணிப் பாருங்கள். ஜாவா 21-இல் வந்த தலைமுறை பிரிக்கும் இசட்ஜிசியின் இடைவேளை 1 மில்லிசெகண்டுக்குள் நிற்கும், ஹீப் எவ்வளவு பெரிதானாலும். ஆனால் அதில் பாயின்டர் சுருக்கம் கிடையாது, எல்லாமே 8 பைட். 4 ஜிபி பாடில் உங்கள் தரவோடு அது மூச்சுத் திணறும்.

மெமரி தாராளம் பற்றி ஒரு பழைய அளவீடு இன்றும் உதவும். ஹெர்ட்ஸ், பெர்கர் இருவரும் 2005-இல் ஜாவா நிரல்களில் அளந்தது: தேவையான மெமரியைப் போல 5 மடங்கு கொடுத்தால் ஜிசி, கையால் விடுவிப்பதற்கு இணையாக ஓடுகிறது, 3 மடங்கில் சராசரியாக 17 சதவீதம் மெதுவு, 2 மடங்கில் 70 சதவீதம். அன்றைய கலெக்டர்கள் வேறு, எண்களை அப்படியே எடுக்க வேண்டாம். வளைவின் போக்கு மாறவில்லை. 1.5 ஜிபி லைவ் ஹீப்புக்கு 4 ஜிபி பாட் என்றால் இரண்டரை மடங்கு, வளைவு செங்குத்தாக ஏறும் இடத்தில் நிற்கிறீர்கள்.

---

ஹீப்_வாசி:

டீமில் எல்லாரும் காட்டுவது டிஸ்கார்ட் 2020-இல் கோலாங்கிலிருந்து ரஸ்ட்டுக்கு மாறிய கட்டுரையை. எங்கள் நிலைமையும் அதுவும் ஒன்றுதானே?

---

ஷெட்யூலர்_சித்தன்:

தரவின் வடிவம் ஒன்றுதான்: பெரிய எல்ஆர்யு கேஷ், அதில் எக்கச்சக்கமான பாயின்டர்கள். மற்றது வேறு. அவர்கள் அலொகேஷன் குறைவு. ஜிஓஜிசியை எவ்வளவு ஏற்றினாலும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ரன்டைம் கட்டாயமாக ஓட்டும் ஜிசி வந்து, முழு கேஷையும் ஸ்கேன் செய்தது. அவர்கள் அளந்தது கோலாங் 1.9 காலத்தில். உங்களுக்கு 15 நொடிக்கு ஒருமுறை வருவது அலொகேஷனால், அதிலும் பெரும்பங்கு கோட்டா பிரச்சினை.

ரஸ்ட் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கும் என்பதை ஒரு வரிகூட ரஸ்ட் எழுதாமல் அளக்கலாம். 32 ஜிபி மெமரி உள்ள டெஸ்ட் மெஷினில் இதே பைனரியை ஜிஓஜிசி=ஆஃப் வைத்து, கோமெம்லிமிட் இல்லாமல், கோமேக்ஸ்ப்ராக்ஸ்=4 ஆக ஓட்டுங்கள். ஆஃப் என்றால் அந்த 2 நிமிடக் கட்டாய ஜிசியும் நின்றுவிடும். கேஷை நிரப்பி முடித்ததும் ரன்டைம்.ஜிசியை ஒருமுறை கையால் அழையுங்கள், ஹீப் 1.5 ஜிபியில் தொடங்கும். நொடிக்கு 100 எம்பி என்றால் 28 ஜிபி தொட 4 நிமிடத்துக்கு மேல் ஆகும், பி99 வரைய அது தாராளம். அதே லோடை ஸ்லாப் வடிவத்தோடும், ஜிஓஜிசி 100-ஓடும் ஒருமுறை ஓட்டி, இரண்டு பி99-ஐயும் பக்கத்தில் வையுங்கள். அந்த இடைவெளி 1 மில்லிசெகண்டுக்குள் வந்தால், லேட்டன்சியைக் காரணம் காட்டி மாற்றி எழுத அனுமதி கேட்காதீர்கள். ரேஸ்_ரங்கன் சொன்ன காரணத்தைக் காட்டிக் கேட்டால் அது வேறு விவாதம், அதற்கு உங்கள் பக் ட்ராக்கரில் ரேஸ் எத்தனை என்று எண்ணிக்கொண்டு போங்கள்.